ஓர் ஏரிக்கு ஆய்வுக் கப்பல் எதற்கு? சுப்பீரியர் ஏரியும் ‘புளூ ஹெரன்’ கப்பலும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: செயற்கைக்கோள்கள் நீர்ப்பரப்பின் வெப்பநிலையை நாள்தோறும் அளக்கின்றன, மிதவைகள் ஆளின்றியே தரவுகளை அனுப்புகின்றன, அப்படியிருக்க, சுப்பீரியர் என்ற ஓர் ஏரியை ஆராய்வதற்காக அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 26 மீட்டர் நீளமுள்ள கப்பலைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பது எதற்கு?

ஏரியின் மேற்பரப்புக்குக் கீழே நடப்பதை அறிய வேண்டுமானால், அங்குள்ள நீரையும் சேற்றையும் உயிர்களையும் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து அவற்றைக் குலையாமல் மேலே கொண்டுவரும் வடமும், அந்த வடத்தைச் சுற்றும் வின்ச்சும், அலையடிக்கும்போதும் அந்த வேலை நடக்க இடம்தரும் தளமும் கப்பலில்தான் இருக்கின்றன. சுருக்கமான விடை இவ்வளவே. ஆனால் ஏரியின் அளவும், கப்பலில் நடக்கும் வேலையின் தன்மையும் தெரியாமல் இந்த விடையின் கனம் விளங்காது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் ஏரி என்றதும் கரைபோட்டுத் தேக்கிய, ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரிகிற நீர்நிலைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் சுப்பீரியர் அப்படிப்பட்டதன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி அதுவே. மிக ஆழமான இடம் 406 மீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 183 மீட்டர் மேலே இருப்பதால், அந்த ஏரியின் அடித்தரை கடல்மட்டத்துக்கும் இருநூறு மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. அதில் அடங்கியுள்ள நீர் சுமார் 12,100 கன கிலோமீட்டர். உலகில் நிலத்தின் மேல் திரவமாக உள்ள நன்னீரில் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரே குழியில் இருக்கிறது. உள்ளே வரும் நீர் முழுவதுமாக மாறி வெளியேற ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகும். அதாவது இன்று அதில் கரைக்கப்படும் ஒரு பொருள் நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் அங்கே இருக்கக்கூடும்.

அதன் அலைகளையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1975 நவம்பர் 10 அன்று வீசிய புயலில் ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற 222 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் இந்த ஏரியில்தான் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலின் நீண்ட அலைகளைப் போலன்றி, ஏரியின் அலைகள் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக எழுபவை. ஓர் அலையிலிருந்து கப்பல் நிமிர்வதற்குள் அடுத்தது வந்து அறையும். கரையோரத்தில் சிறு படகை வைத்துக்கொண்டு பல வேலைகளைச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் கரை கண்ணுக்குத் தெரியாத நடு ஏரியில், இரவும் பகலும் பல நாட்கள் தங்கி அளவெடுக்கப் படகு போதாது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் 1994இல் ‘லார்ஜ் லேக்ஸ் அப்சர்வேட்டரி’ என்ற பேரேரி ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு கப்பல் தேவைப்பட்டபோது புதிதாகக் கட்டவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலில், நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடித் தளங்களுக்காக 1985இல் கட்டப்பட்டு, ‘ஃபேர்டிரை’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த இழுவலைக் கப்பலை 1997இல் பல்கலைக்கழகம் வாங்கியது. அது அட்லாண்டிக்கை இந்த ஏரிகளோடு இணைக்கும் செயின்ட் லாரன்ஸ் நீர்வழியில் ஏறி, மதகு மதகாக உயர்த்தப்பட்டு, கடல்மட்டத்திலிருந்து 183 மீட்டர் மேலேயுள்ள சுப்பீரியருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதில் ஆய்வுக்கூடங்களும் கருவிகளும் அமைக்கப்பட்டன. நீலநாரை என்று பொருள்படும் ‘புளூ ஹெரன்’ என்ற பெயரோடு 1998 முதல் அது ஆய்வுக் கப்பலாக இயங்கி வருகிறது.

பழைய மீன்பிடிக் கப்பலை வாங்கியதைப் பணமில்லாதவர்களின் சமாளிப்பு என்று சிலர் கருதுவதுண்டு. என் கணிப்பில் அது மிகச் சரியான தேர்வு. இழுவலைக் கப்பல் எதற்காகக் கட்டப்படுகிறது? கொந்தளிக்கும் நீரில் பின்தளத்தின் வழியே கனமான பொருளை வடத்தில் கட்டி இறக்கவும், மெதுவாக இழுத்துச் செல்லவும், மறுபடி மேலே தூக்கவும்தான். வலைக்குப் பதிலாக நீர்க்குப்பிகளும் சேற்றுக் குழாய்களும் இழுவைக் கருவிகளும் கட்டப்படுகின்றன என்பதைத் தவிர வேலையின் இயல்பு மாறவில்லை. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், கடலில் மிதந்த கப்பல் ஏரியில் சற்றே ஆழ அமரும். அதற்கு ஏற்ப எடையை ஒழுங்குபடுத்த வேண்டும். அதே சமயம், உப்பில்லாத நீரில் எஃகு மிக மெதுவாகவே அரிக்கப்படும்.

கப்பல் அளவெடுக்கும் இடத்தை அடைந்ததும் காற்றை எதிர்கொண்டு நிற்கும். பின்தளத்தில் ஒரு வட்டச் சட்டகம் இருக்கும். ஆய்வாளர்கள் அதை ரோசெட் என்பார்கள். அதன் விளிம்பைச் சுற்றி, மேலும் கீழும் வாய்திறந்த நீளமான குப்பிகள் நிற்கும். நடுவே, மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் ஆழத்தையும் அளக்கும் ‘சி.டி.டி.’ என்ற கருவி பொருத்தப்பட்டிருக்கும். இருவர் கயிற்றால் சட்டகத்தை ஆடாமல் பிடித்துக்கொள்ள, வின்ச் அதைத் தூக்கி நீரில் இறக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வடத்தை விட்டால், மிக ஆழமான இடத்தின் அடித்தரையை எட்ட ஏழு நிமிடங்கள் ஆகும். கீழே நெருங்க நெருங்க வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் திரையைப் பார்த்திருப்பவர், வின்ச் இயக்குபவருக்கு ரேடியோவில் ‘இன்னும் இருபது... பத்து... நிறுத்துங்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சட்டகம் சேற்றில் பட்டால் கருவிகளுக்கும் கேடு, எடுக்கவிருக்கும் நீரும் கலங்கிப்போகும். திரும்பி மேலே வரும் வழியில், வேண்டிய ஆழங்களில் நிறுத்தி, மின்சாரக் குறிப்பு அனுப்பி ஒவ்வொரு குப்பியாக மூடுவார்கள். அந்த ஆழத்து நீர் வேறெதனோடும் கலவாமல் உள்ளே அகப்படும்.

குப்பிகள் தளத்துக்கு வந்ததும் யார் முதலில் நீர் எடுப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கரைந்த வாயுக்களை அளப்பவர்களே முதலில் எடுக்க வேண்டும். குப்பியைத் திறந்த கணம் முதல் வெளிக்காற்று உள்ளே நுழையத் தொடங்கிவிடும். ஆக்சிஜனுக்காக எடுப்பவர், மெல்லிய குழாயின் நுனியைக் கண்ணாடிப் போத்தலின் அடியில் படும்படி வைத்து, ஒரு குமிழிகூடத் தங்காமல், போத்தல் நிரம்பிப் பின் இரண்டு மூன்று மடங்கு நீர் வழியும் வரை பொறுத்திருப்பார். பிறகு மாங்கனீசு உப்புக் கரைசலையும் கார அயோடைடுக் கரைசலையும் விட்டு மூடியைப் போட்டுக் குலுக்கினால், தெளிந்த நீருக்குள் பழுப்பு நிற வீழ்படிவு புகை போலப் பரவும். பழுப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆக்சிஜன். 1888இல் வின்க்ளர் வகுத்த முறை இது. மின்னணு உணரிகள் காட்டும் எண்கள் சரிதானா என்று பார்க்க இன்றும் இதையே நாடுகிறார்கள். உணரி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளாது. செயற்கைக்கோளும் மிதவையும் போதும் என்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

செயற்கைக்கோளால் காண முடியாதது என்ன என்பதற்கு மிக நல்ல சான்று பச்சையத்தின் பரவல். கோடையில் சுப்பீரியரின் மேல்நீர் சூடாகி, கீழேயுள்ள குளிர்நீரின் மேல் ஓர் அடுக்காகத் தங்கிவிடும். அப்போது நுண்பாசிகளின் பச்சையம் மேற்பரப்பில் உச்சத்தில் இருப்பதில்லை. சத்தும் ஒளியும் ஒருங்கே ஓரளவு கிடைக்கும் ஆழத்தில், பெரும்பாலும் 20 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் இடைப்பட்ட அடுக்கில், அது செறிந்து நிற்கிறது. வானிலிருந்து நிறத்தை அளக்கும் கருவிக்கு மேலேயுள்ள சில மீட்டர்களின் ஒளியே பெரிதும் எட்டுகிறது. ஆகவே படத்தில் வெறுமையாகத் தெரியும் நீருக்கடியில் ஏரியின் உணவு உற்பத்தி நடந்துகொண்டிருக்கும். கப்பலிலிருந்து இறக்கும் உணரி அந்த அடுக்கைக் கடக்கும்போது திரையிலுள்ள கோடு வலப்புறம் துள்ளி, மறுபடி உள்வாங்குவதைப் பார்க்கலாம். மேலும் கீழும் அலைபோலச் சென்றபடியே அளக்கும் இழுவைக் கருவியைக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் சென்றால், அந்த அடுக்கு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்ற குறுக்குவெட்டுப் படமே கிடைத்துவிடும்.

இரவில் வேறொரு வேலை இருக்கிறது. மைசிஸ் என்ற, சென்னாக்குன்னி அளவேயுள்ள உயிர் பகலில் இருண்ட ஆழத்தில் இருந்துவிட்டு, இருட்டியதும் மேலேறி நுண்ணுயிர்களை மேய்ந்து, விடிவதற்குள் கீழே திரும்பும். அது ஒளிக்கு மிகவும் கூசும். எனவே இரவில் வலை இறக்கும்போது தளத்தில் சிவப்பு விளக்கு மட்டுமே எரிய வேண்டும். ஏரியின் அடிநீரையும் மேல்நீரையும் உணவுச் சங்கிலியில் பிணைப்பது இந்தச் சிற்றுயிரின் அன்றாடப் பயணம்தான். அதைக் கணக்கிடுவதற்கு, நள்ளிரவில் நடு ஏரியில் நிற்கும் தளம் வேண்டும். மறுநாள் பகலிலும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

இந்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது சேற்றை எடுப்பதை. பல தெளிவான குழாய்களைக் கொண்ட சட்டகம் மெதுவாக அடித்தரையில் அமர்ந்து, குழாய்களைச் சேற்றில் அழுத்தி, மேலும் கீழும் மூடிக்கொண்டு திரும்பி வரும். நல்லபடியாக எடுத்த குழாயில், சேற்றின் மேல் நிற்கும் ஒரு சாண் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மேல்தோலில் புழுக்கள் துளைத்த துளைகள்கூடக் கலையாமல் இருக்கும். நீர் கலங்கியிருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுபடி இறக்க வேண்டியதுதான். சாதாரண வளமான ஏரிகளில் சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சுப்பீரியரின் ஆழ்பகுதிகளில் அது 3.5 சென்டிமீட்டர் முதல் 12 சென்டிமீட்டருக்கு மேலும் உள்ளே இறங்கியிருப்பதை டுலூத் ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். இவ்வளவு ஆழம் ஆக்சிஜன் நுழையும் சேற்றைப் பெருங்கடலின் ஆழ்தரைகளில்தான் வழக்கமாகக் காண்பார்கள். கடலடியின் வேதியியலை ஒரு நன்னீர் ஏரியில் வைத்துப் படிக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு!

சேறு காலத்தையும் சேர்த்துவைக்கிறது. நடு ஏரியில் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே படிகிறது என்பதால், கையளவு சேற்றில் பல நூற்றாண்டுகள் அடங்கிவிடும். 22 ஆண்டுகளில் பாதியாகச் சிதையும் கதிரியக்க ஈயம்-210, அணுகுண்டுச் சோதனைகளால் 1963ஐ ஒட்டி உச்சம் கண்ட சீசியம்-137 ஆகியவற்றைக் கொண்டு மேலடுக்குகளுக்கு ஆண்டுக் கணக்கு போடலாம். சில்வர் பே என்ற ஊரில் இயங்கிய இரும்புத்தாது ஆலை 1955 முதல் 1980 வரை தன் கழிவுத்தூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 67,000 டன் என்ற கணக்கில் இந்த ஏரியில் கொட்டியது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்ற இழைகள் டுலூத்தின் குடிநீரிலேயே இருப்பது 1973இல் தெரியவந்து, நீண்ட வழக்குக்குப் பிறகே கழிவு நிலத்துக்கு மாற்றப்பட்டது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளின் கழிவும் ஏரியின் அடித்தரையிலேயே கிடக்கிறது.

நீர்க்குப்பி தந்த விடைகளில் நைட்ரேட் பற்றியது எனக்கு மிகவும் பிடித்தது. 1900ஐ ஒட்டிய காலத்திலிருந்து சுப்பீரியரில் நைட்ரேட் தொடர்ந்து கூடி, ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டது. பாஸ்பரஸோ அங்கே மிக மிகக் குறைவு. காற்று மாசால் மழையில் கலந்து வரும் நைட்ரேட்டே ஏரியில் சேர்ந்துகொண்டு போகிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மழையில் வரும் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதமும், நுண்ணுயிர்கள் நீருக்குள் உண்டாக்கும் நைட்ரேட்டில் உள்ள விகிதமும் வேறுவேறானவை. ஏரி நீரை எடுத்து அந்த விகிதத்தை அளந்து 2007இல் வெளியிட்டபோது, அங்குள்ள நைட்ரேட்டில் பெரும்பகுதி ஏரிக்குள்ளேயே நுண்ணுயிர்களால் உருவானது என்று தெரிந்தது. ஏரி வெறும் தொட்டி போல வருவதைச் சேர்த்துவைக்கவில்லை. உள்ளே வரும் நைட்ரஜனை உயிர்களின் வழியே சுழற்றி, தானே நைட்ரேட்டாக்கி வைத்துக்கொள்கிறது. இதை எந்தத் தொலை உணரியும் சொல்லியிருக்காது.

மிதவைகளின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. 1979 முதல் 2006 வரை சுப்பீரியரின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 2.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றும், அந்த உயர்வு அப்பகுதிக் காற்றின் உயர்வைவிட வேகமானது என்றும் இதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜே ஆஸ்டினும் ஸ்டீவ் கோல்மனும் 2007இல் காட்டியபோது, மிதவைகளின் பதிவுகளே அதற்கு அடிப்படை. குளிர்காலப் பனிப்படலம் குறைவதால் ஏரி முன்கூட்டியே சூடேறத் தொடங்கி, கோடை அடுக்கு சீக்கிரமே அமைந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆனால் மேற்பரப்பு மிதவைகளைப் பனிக்காலத்துக்கு முன் எடுத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் பனிக்கடியில் நடப்பதை அறிய, அடித்தரையில் நங்கூரமிட்டு, பனி தொடாத ஆழத்திலேயே நிற்கும்படி வெப்பமானிகளைக் கோத்த வடங்களை ஏரிக்குள் நிறுத்த வேண்டும். அவற்றைச் சரியான இடத்தில் இறக்குவதும் மீட்பதும் கப்பலின் வேலை. ஒலிக்குறிப்பு அனுப்பியதும் கீழேயுள்ள கொக்கி நங்கூரத்தை விட்டுவிட, மிதப்பான்கள் வடத்தை இழுத்துக்கொண்டு மேலே வரும். அலைகளுக்கு நடுவே எங்கோ எழும் அந்த மஞ்சள் புள்ளியைத் தேடித் தளத்தில் எல்லோரும் கண்ணை ஊன்றி நிற்பார்கள். அது எழவில்லையென்றால் ஓராண்டு அளவீடு கையை விட்டுப் போனதாகவே பொருள்.

இதையெல்லாம் அரசு செய்யலாமே, பல்கலைக்கழகம் ஏன் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அரசும் செய்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘லேக் கார்டியன்’ என்ற 180 அடிக் கப்பல், ஆண்டுதோறும் வசந்தத்திலும் கோடையிலும் சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளிலும் குறித்த இடங்களில் அளவெடுக்கிறது. அந்தத் தொடர் பதிவு விலைமதிப்பற்றது. ஆயினும் கண்காணிப்பு வேறு, ஆய்வு வேறு. 2012இலும் 2018இலும், பெருமழைகளுக்குப் பிறகு, குளிர்ந்த தெளிந்த ஏரி என்று பெயர் பெற்ற சுப்பீரியரின் தென்கரையில் நீலப்பச்சைப் பாசி திரண்டது. ஏன் என்று கேட்டு, அதற்கென்றே இடங்களையும் ஆழங்களையும் தேர்ந்து, ஒரு மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காக மூன்று நான்கு கோடைகள் திரும்பத் திரும்பப் போய் அளக்க வேண்டுமென்றால், அட்டவணை இறுகிய கண்காணிப்புக் கப்பலில் இடம் கிடைப்பது அரிது. ‘புளூ ஹெரன்’ தன் பல்கலைக்கழகத்தாருக்கு மட்டுமென்று கட்டிவைக்கப்படவும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கடலாய்வுக் கப்பல்களை ஒருங்கிணைக்கும் ‘யூனோல்ஸ்’ அமைப்பில் பேரேரிகளிலிருந்து இடம்பெற்ற கப்பல் அது. வேறு பல்கலைக்கழகத்தவரும் நிதி பெற்று அதில் நாட்களைக் கேட்டு வாங்கலாம்.

அளவில் அது சிறியதுதான். பல நாள் பயணத்தில் மாலுமிகள் ஐவரும் ஆய்வாளர்கள் அறுவரும் தங்கலாம். அறுவர் என்றால் இரண்டு முறைகளாகப் பிரிந்து, மூவர் தூங்க மூவர் வேலை செய்ய வேண்டும். ஐசோடோப்பு ஆராய வந்தவரும் சேற்றுக் குழாயைத் தூக்கிப் பிடிப்பார். சேற்றுக்காக வந்தவரும் நள்ளிரவில் மைசிஸ் எண்ணுவார். பெரிய கப்பலில் இந்தக் கலப்பு நேராது. கட்டி நாற்பது ஆண்டுகள் ஆன கப்பலின் உடலைப் பற்றிய கவலை இயல்பே. நன்னீரில் உடல் நெடுங்காலம் தாங்கும். முன்னதாகத் தேய்பவை வின்ச்சும் நீரழுத்தக் குழாய்களும் மின்னமைப்பும். அவற்றை ஒவ்வொரு குளிர்காலத்திலும், கப்பல் துறைமுகத்தில் பனிக்கு நடுவே கட்டப்பட்டிருக்கும் மாதங்களில், பிரித்துப் பார்த்து மாற்றுகிறார்கள். பனி விலகியதும் வசந்தத்தின் முதல் பயணங்களில், கடந்த இலையுதிர்காலத்தில் இறக்கிய வடங்களைத் தேடி அது மறுபடி புறப்படும்.